பட்டினிக் கட்டிலில் பிஸ்கட் தூள்

அத்தியாயம் 3

பெரிய டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்குள் யாரும் நுழைந்துவிட முடியாது. வாசலில் ஒரு படம், மாடிப்படி திரும்புமிடத்தில் ஒரு படம், லிஃப்டுக்குள் ஒரு படம். லிஃப்டுப் படத்தில் அவர் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டிருந்தார். எந்த மாடி என்று விசாரிப்பதுபோல் இருந்தது.

"மூணாவது சார்," என்று படத்துக்குப் பதில் சொன்னான் வால்.

"படத்துகிட்ட எல்லாம் பேசாத," என்றாள் நிதானம்.

"நேர்ல பேசினா மட்டும் காது கொடுத்துக் கேட்டாரா அத்தை? நேத்து முக்கால் மணி நேரம் அவரேதான் பேசினாரு."

"ஆபீஸ் நேரத்துல அத்தை இல்லை, மேடம்," என்று திருத்தினாள்.

நிதானம் என்பது அந்தத் துப்பறியும் பெண்மணிக்குத் தெரிந்தவர்கள் வைத்த பெயர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள் என்பார்கள். வால் அவளுடைய தம்பி மகன். "இவனை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போ அக்கா, வீட்டுல இருந்தா எனக்குத்தான் புத்தி பேதலிச்சுடும்" என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, உதவியாளன் என்று பெயர் சூட்டிச் சேர்த்துக்கொண்டாள். வயது இருபத்தாறு. வாய்க்கு மட்டும் ஐம்பதுக்கு மேல்.

அன்றைக்கு அந்த வாய் வழக்கத்தைவிடக் கடுகடுவென்று இருந்தது. காரணம், அவன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட விடவில்லை என்பது சரி.

"இது பட்டினி கேஸ். பட்டினி கிடந்து பார்த்தாத்தான் புரியும்," என்று சொல்லி, வாசலிலேயே அவனை மடக்கிக் கூட்டி வந்துவிட்டாள் அத்தை.

"நாளைக்கு ஒரு கொலை கேஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? என்னைக் கொஞ்சம் செத்துப் பார்க்கச் சொல்வீங்களா?"

"வரட்டும், பார்க்கலாம்."

விஷயம் இதுதான். அறுவை சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் முந்தின இரவிலிருந்து பட்டினி இருக்க வேண்டும். வயிற்றில் தின்றது இருக்கும்போது மயக்கினால், அது மேலே ஏறி மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் இறங்கிவிடும், விளையாட்டுக் காரியமில்லை. ஆனால் இரண்டு மாதமாக, குழந்தைகள் வரிசையாக வாயில் இனிப்போடு பிடிபட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கையை விரித்தாள். ஆபரேஷன் தள்ளிப்போனது. எதிர்த்தெரு மருத்துவமனை உள்ளேயே ஆள் வைத்து ஊட்டிவிடுகிறது என்பது பெரிய டாக்டரின் முடிவு. அந்த ஆளைப் பிடிக்கத்தான் நிதானமும் வாலும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள்.

மூன்றாவது மாடி வார்டின் கதவில் ஒரு பலகை. 'இரவு பத்துக்கு மேல் ஒரு துணுக்கும் ஒரு சொட்டும் கூடாது.' அதற்கடியில் உத்தரவு போட்டவரின் பட்டங்கள் நான்கு வரிக்கு ஓடின. படித்து முடிப்பதற்குள் யாருக்கும் பசி வந்துவிடும்.

ஜன்னலோரக் கட்டிலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. தலையில் தங்கக் காகிதக் கிரீடம். மடியில் சாயம் போன ஒரு துணி யானை. முகத்தில், உலகத்தின் மேலேயே வழக்குப் போடப்போகிற கோபம்.

"போ," என்றது குழந்தை, வாலைப் பார்த்து.

"நான் இன்னும் வரவே இல்லையே."

"வராமலே போ."

வாலுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

பக்கத்து நாற்காலியில் குழந்தையின் அம்மா. கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோல் கருவளையம். நிதானம் விசாரிப்பதற்கு முன்பே அவளாகவே கொட்டிவிட்டாள். குழந்தைக்குத் தொண்டைச் சதை வளர்ந்திருக்கிறது. தூங்கினால் குறட்டை, குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகும், கூடவே மூச்சும். பிறகு ஒரு திணறலோடு மறுபடி ஓடும். அப்பா லாரியில் தொலைதூரம் போகிறவர். அதனால் இரவெல்லாம் குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அம்மா ஒருத்திதான்.

"போன்ல புகார் கேக்கிற வேலைங்க எனக்கு. போன வாரம் ஒருத்தர் திட்டிக்கிட்டு இருக்கும்போதே தூங்கிட்டேன். குறுக்கே பேசாம பொறுமையா கேட்டாங்கன்னு அவரு பாராட்டி எழுதியிருக்காரு."

வால் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"மூணாவது தடவை மேடம் இது. ரெண்டு தடவையும் இதே கட்டில்ல பிஸ்கட் தூள் கிடந்துச்சு. நான் கொடுக்கலை. இவளும் இல்லைங்கிறா. தொண்டை டாக்டர் நாளைக்கு வெளிநாடு கிளம்பறாரு. இன்னிக்கு நடக்கலைன்னா வரிசையில கடைசிக்குப் போயிடணும். அதுவரைக்கும் இந்த விரலை நான் எடுக்க முடியாது."

சொல்லிக்கொண்டே, யானையின் முதுகில் ஊர்ந்த ஒரு எறும்பைச் சுண்டி எறிந்தாள். "இது ஒண்ணு. வீட்டுல எங்க வெச்சாலும் எறும்பு. வெயில்ல போட்டும் போக மாட்டேங்குது."

"எறும்பு அதோட ஃப்ரெண்டு," என்றது குழந்தை விறைப்பாக.

கட்டிலின் கால்மாட்டில் ரிப்பன் கட்டிய ஒரு பளபளப்பான பை இருந்தது. கிரீடத்தோடு வந்த பரிசு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்று அம்மா வைத்திருந்தாள்; முந்தின இரண்டு பைகளும் அப்படியே பிரிக்காமல் வீட்டில் கிடந்தன. பையின் மேலும் பெரிய டாக்டர் விரலை உயர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போது வாளியும் துடைப்பமுமாக வார்டு அக்கா வந்தாள். பதினைந்து வருடமாக அந்த மாடியைப் பெருக்கித் துடைக்கிறவள். பெரிய டாக்டரின் சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான். போன முறை கட்டிலில் கிடந்த தூளை அவள் தட்டிவிட்டாளாம், தடயத்தை அழித்துவிட்டாளாம்.

"தூளைத் தட்டாம என்ன பண்ணச் சொல்றீங்க? ஃப்ரேம் போட்டா மாட்டி வெப்பேன்?" என்று கேட்டாள் வார்டு அக்கா. "இன்னிக்கு இன்னொரு பிள்ளை மாட்டினா நான் வீட்டுக்குப் போயிடணுமாம். சொல்லிட்டாரு. நேர்ல இல்லை, மைக்குல."

"இங்க யாராவது வெளி ஆள் வந்தாங்களா?" என்றாள் நிதானம்.

"வெளி ஆளா? இந்தக் கதவைத் தாண்டி ஈ வந்தாக்கூட செக்யூரிட்டி கையெழுத்து வாங்கறான்."

மயக்க டாக்டரம்மா வேகமாக வந்தாள். ஒல்லியான உருவம், பேச்சு அதைவிட ஒல்லி. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், தலையணையைத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தலையணையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தூள். சாக்லேட் பிஸ்கட்.

அம்மா எழுந்தவள் மறுபடி நாற்காலியில் சரிந்தாள். வார்டு அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்; இனி அது தனக்குச் சொந்தமில்லை என்பதுபோல.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள் டாக்டரம்மா.

"நான் சாப்பிடலை."

"அப்போ தலையணை சாப்பிட்டுச்சா?"

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. யானையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

டாக்டரம்மா நிதானத்தைப் பார்த்தாள். "முதல் கேஸ் உள்ள போயிடுச்சு. அது முடியறவரைக்கும் இவ பேரை அடிக்காம வெக்கிறேன். எங்கிருந்து வந்துச்சு, எவ்வளவு உள்ள போச்சு, ரெண்டும் தெரியணும். தெரியலைன்னா நான் தொட மாட்டேன். குழந்தை அழுதாலும் சரி, அம்மா அழுதாலும் சரி."

"தொடக் கூடாதுதான்," என்றாள் நிதானம். தன் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேடினாள். ஊசி நூல், ஊக்கு, பழைய பஸ் டிக்கெட், மறுபடி ஊசி நூல். துப்பறியும் நிறுவனத்தின் ஆயுதச் சாலை அவ்வளவுதான். உள்ளூர் தையல்காரர்கூட இதைவிட ஆபத்தான ஆசாமி என்று வால் நினைத்துக்கொண்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் ஆரம்பித்தான். "அம்மா கொடுக்கலை. வார்டு அக்கா கொடுக்கலை. வெளி ஆள் வரலை. பிஸ்கட் தானா நடந்து வந்திருக்கு. அரெஸ்ட் பண்ணிடலாமா?"

"சத்தம் போடாம நட. சுவத்தைப் பாரு."

வராந்தாச் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். 'எங்கள் வீரக் குழந்தைகள்' என்று மேலே பொன்னெழுத்து. ஒவ்வொன்றிலும் கிரீடம் வைத்த ஒரு குழந்தை, ரிப்பன் பை, பக்கத்தில் குனிந்து சிரிக்கும் பெரிய டாக்டர். அறுவை சிகிச்சையை வென்று வந்த வீரர்கள் என்று கீழே ஒரு வரி.

வராந்தாவின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சில பழைய படங்களை ஒதுக்கி மாட்டியிருந்தார்கள். அதே கிரீடம், அதே பை, அதே டாக்டர். குழந்தைகள்தான் வேறு மாதிரி. ஒருத்தன் வாயைக் குகைபோலத் திறந்து அழுதுகொண்டிருந்தான். ஒருத்தி கிரீடத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் பெரிய டாக்டரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில், அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு உண்மையான உணர்ச்சி தெரிந்தது.

"ஃபோட்டோகிராஃபர் தேறிட்டான் போல," என்றான் வால். "புதுப் படத்துல எல்லாப் பிள்ளையும் சிரிக்குது."

"மூஞ்சியைப் பார்க்காத. கையைப் பாரு."

வால் பார்த்தான். பழைய படங்களில் ஒவ்வொரு குழந்தையின் புறங்கையிலும், மருந்து ஏற்ற ஊசி குத்திய இடத்தில், வெள்ளைப் பிளாஸ்திரி. புதுப் படங்களுக்கு நடந்தான். பிஞ்சுக் கைகள், பளிச்சென்ற கைகள், ஒன்றில்கூடப் பிளாஸ்திரி இல்லை.

"அத்தை."

"மேடம்."

"மேடம், இதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படம்."

"போருக்குப் போறதுக்கு முன்னாடியே வெற்றி விழா," என்றாள் நிதானம். "எப்போலேர்ந்துன்னு அவரையே கேட்டுடுவோம். இதோ வர்றாரே."

பெரிய டாக்டர் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு ஆள் கதவைத் திறக்க, பின்னால் ஒரு ஆள் கேமராவோடு. வெள்ளைக் கோட்டின் மடிப்பு காகிதத்தைக் கிழிக்கும்.

"ஆளைப் பிடிச்சாச்சா?" என்றார். "அந்தப் பெருக்கற அம்மாதானே? எனக்கு அப்பவே தெரியும். மனுஷங்களைப் படிக்கிறதுல எனக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. பல மேடைகள்ல சொல்லியிருக்காங்க."

"இருக்கும் டாக்டர். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இந்தப் புதுப் படங்கள் ரொம்ப அழகா இருக்கே, எப்படி?"

துப்பறிகிறவர்கள் கேட்ட கேள்விகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். முகம் மலர்ந்தது.

"அது என் யோசனை. முன்னெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னிக்கு விழா நடத்துவோம். பாதிப் பிள்ளைங்க மயக்கம் தெளிஞ்சு, அழுது, வாந்தியெடுத்து, யாரைப் பார்த்தாலும் உதைச்சுக்கிட்டு இருக்கும். படம் சரியா வராது. நிறுவனத்தோட தோற்றம் என்ன ஆகிறது? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி விழாவைக் காலையிலேயே, ஆபரேஷனுக்கு முன்னாடியே வெச்சுக்கச் சொல்லிட்டேன். நிர்வாகம்னா தொலைநோக்கு வேணும் அம்மா."

"ரெண்டு மாசம்," என்றான் வால் மெதுவாக.

"பையும் அப்பவே கொடுத்துடுவீங்க," என்றாள் நிதானம்.

"என் கையாலேயே."

"பையில என்ன இருக்கும்?"

"வண்ணப் பென்சில், பாராட்டுப் பத்திரம், அப்புறம் என்னோட சின்னப் படம் ஒண்ணு. அப்புறம்..." பெரிய டாக்டரின் தொலைநோக்கு அங்கேயே நின்றது. கேமராக்காரன் எதையோ தேடுவதுபோலக் கீழே குனிந்துகொண்டான்.

நிதானம் வார்டுக்குள் போய் ஜன்னலோரக் கட்டிலின் பையை எடுத்து வந்தாள். ரிப்பன் முடிச்சு அப்படியே இருந்தது. அடிப்பக்க மூலையில் மட்டும், சின்ன விரல்கள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. உள்ளேயிருந்து பென்சில் வந்தது, பத்திரம் வந்தது, கடைசியில் காலியான சாக்லேட் பிஸ்கட் உறை வந்தது.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்றான் வால். "அதுவும் கிரீடம் வெச்சு, ரிப்பன் கட்டி."

"அது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறதுக்கு," என்றார் பெரிய டாக்டர். குரலில் மடிப்புக் கலைந்திருந்தது. "டிஸ்சார்ஜ் பையா இருந்தப்போ வெச்சது. அதை எடுக்கணும்னு யாரும் எனக்கு நினைவுபடுத்தலை."

"ராத்திரியெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாதுன்னு போர்டு. விடிஞ்சதும் அதே கையால பிஸ்கட். பிள்ளை எந்தக் கையைத்தான் நம்பும் டாக்டர்?" என்றாள் நிதானம்.

வார்டு அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே வைத்த துடைப்பத்தை மறுபடி எடுத்தாள். பெரிய டாக்டர் நின்றிருந்த இடத்தைச் சுற்றி, அவர் காலை இரண்டு முறை தூக்க வேண்டிவரும்படி, நிதானமாகப் பெருக்க ஆரம்பித்தாள்.

வாலுக்குப் பசியே மறந்துபோனது. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டாயிற்று. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சமும் வரவில்லை.

"அப்போ இவ நிஜமாவே சாப்பிட்டிருக்கா," என்றாள். "உறை காலியா இருக்குன்னா, முழுசும் உள்ள போயிருக்கு."

ஐம்பது வயது வாய்க்கு முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் துப்புத் துலக்கியதே குழந்தைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சதிகாரன் யார் என்று தெரிந்துவிட்டது, ஆபரேஷன்தான் போய்விட்டது. அம்மா குழந்தையின் செருப்புகளைத் தேடிப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

"ஏண்டி பொய் சொன்னே?" என்று கேட்டாள். அதட்டவில்லை. அசதியோடு கேட்டாள்.

"நான் சாப்பிடலை, நான் சாப்பிடலை," என்று குழந்தை கத்தி, கிரீடத்தைப் பிடுங்கி எறிந்தது. அது வாலின் நெற்றியில் வந்து விழுந்தது.

"எதுக்குடி என்மேல வீசறே? நானும் காலையிலேர்ந்து பட்டினிதான், தெரியுமா? எனக்கு மட்டும் கோபம் வராதா?" என்று அவனும் கடித்தான்.

"டேய்," என்றாள் நிதானம். "நீ சொன்னதை மறுபடி சொல்லு."

"என்ன சொன்னேன்? கோபம் வருதுன்னேன். பசி வந்தா பத்தும் பறந்துபோகும், உங்களுக்குத் தெரியாதா?"

"உனக்குப் பசி. அதனால லிஃப்ட்டுலேர்ந்து எல்லாரையும் கடிச்சுக்கிட்டு வர்றே. இவளும் நாம வந்ததுலேர்ந்து கடிக்கிறா. ஒரு உறை சாக்லேட் பிஸ்கட்டைத் திருடித் தின்ன பிள்ளைக்கு இவ்வளவு கோபம் எங்கேயிருந்துடா வரும்? தின்ன வாய் தூங்கும். இல்லைன்னா பயந்து பம்மும். இது காஞ்ச வயித்துக் கோபம்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தையிடம் அதுவரை எல்லோரும் கேட்ட கேள்வியை அவள் கேட்கவில்லை.

"கண்ணு, எறும்புக்கு யாரைப் பிடிக்கும்?"

குழந்தை அவளை ஒரு கணம் அளந்து பார்த்தது. "இவனை," என்று யானையைக் காட்டியது.

"எதுக்கு?"

"சொல்ல மாட்டேன். ரகசியம்."

"சரி, வேண்டாம். யானை நேத்து ராத்திரி சாப்பிட்டானா?"

"இல்லை. அம்மா எனக்கும் கொடுக்கலை, அவனுக்கும் கொடுக்கலை." குழந்தை யானையின் காதை நீவிவிட்டது. "எனக்கு ஆபரேஷன். நான் சாப்பிட்டா டாக்டர் ஆன்ட்டி திட்டுவாங்க. அவனுக்குத்தான் ஆபரேஷன் இல்லையே. அவன் எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

நிதானம் இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை யோசித்து, யானையின் காதில் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொடுத்தது.

யானை துணிக்கும் பஞ்சுக்கும் ஒவ்வாத கனம் கனத்தது. தும்பிக்கைக்குக் கீழே தையல் விட்டுப்போய் ஒரு வாய். அதன் ஓரமெல்லாம் சாக்லேட். நிதானம் அதைக் கவிழ்த்து மெல்லத் தட்டினாள். பஞ்சோடு பிஸ்கட் விழுந்தது. ஒரு கடிகூடப் படாமல், திணிக்கும்போது மட்டும் ஓரம் உடைந்த பிஸ்கட்டுகள். அன்றைக்கு வந்தவை மேலே, மொறுமொறுவென்று. அடியில் போன முறை வந்தவை, நமுத்து. அதற்கும் அடியில் முதல் முறை வந்தவை. அவற்றின் மேல், விருந்து நடுவில் கூரை பிரிந்ததுபோலத் திகைத்து நின்றன எறும்புகள்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரிம்பாங்க," என்றான் வால். "இவன் மூணு விழாவை ஒருத்தனா முடிச்சிருக்கான்."

அம்மா குழந்தையைக் கட்டிக்கொண்டாள். "மூணு தடவையும் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணுகூட வாயில போடலையாடி நீ?" என்றாள். குழந்தைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கூடாது என்று சொன்னார்களே, பிறகு எப்படிச் சாப்பிடுவது?

மயக்க டாக்டரம்மா வந்து, விரித்த துணியில் கிடந்த குவியலைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், சிரிக்கவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா யானையோட வாக்குமூலத்தை வெச்சு நான் மயக்க மருந்து கொடுக்க முடியாது."

ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். குழந்தையின் வயிற்றில் களிம்பைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தித் திரையைப் பார்த்தாள். அம்மா தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். வால் திரையில் ஒன்றும் புரியாமல், அந்தச் சாம்பல் புகையிலேயே ஏதாவது தின்பண்டம் தெரிகிறதா என்று தேடினான். பசித்தவன் கண்.

"காலி," என்றாள் டாக்டரம்மா. "சுத்தமா காலி. பாவம், ரொம்பவே காலி." பிறகுதான் அவள் முகம் கொஞ்சம் இளகியது. "திட உணவுதான் ராத்திரியோட நிறுத்தணும். தெளிவான தண்ணியைக் காலையிலகூடக் கொடுக்கலாம். அந்த போர்டை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இப்படி வறண்டு தூங்கப்போற பிள்ளை எழுந்திருக்கும்போது சண்டையோடதான் எழுந்திருக்கும். இவளைக் கடைசி கேஸா போடறேன். இப்போ வடிகட்டின ஆப்பிள் ஜூஸ் ஒரு சின்ன டம்ளர். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

குழந்தை ஜூஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது. பாதியில் நிறுத்தி யானையைப் பார்த்தது.

"அவன் நிறையச் சாப்பிட்டுட்டான்," என்றாள் நிதானம். "நீ குடி."

ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளியும் அறையில் குழந்தை கண் விழித்ததை விழித்தது என்று சொல்ல முடியாது, வெடித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கால் உதைத்தது, கை காற்றில் யாரையோ அடித்தது, அம்மாவைக் கண்டு "அம்மா எங்கே" என்று அழுதது.

"அம்மா நான்தாண்டி," என்று அவள் குனிந்து முகத்தைக் காட்டினாள்.

"இது அவ இல்லை, மருந்து," என்றாள் டாக்டரம்மா, குழந்தை விழாமல் பக்கத்துத் தலையணையைச் சரிசெய்தபடி. "பாதி தூக்கம், பாதி முழிப்பு. சமாதானம் சொல்லிப் பயனில்லை, பக்கத்துல இருந்தா போதும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். நாளைக்குக் கேட்டா ஞாபகமே இருக்காது."

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெரிய டாக்டர் உள்ளே வந்தார், வார்டு அக்காவையும் கூடவே அழைத்துக்கொண்டு. வேறு கோட்டு போட்டிருந்தார். "இந்த அம்மா மேல எனக்கு எப்பவுமே நம்பிக்கை உண்டு," என்று பொதுவாக அறிவித்தார். "விழாவைப் பழையபடி டிஸ்சார்ஜ் அன்னிக்கே வெச்சுக்கிறதுன்னு நான் ஒரு முக்கியமான முடிவு எடுத்திருக்கேன். தொலைநோக்கோட பார்த்தா..."

குழந்தையின் கால் அவருடைய தொலைநோக்கின் மேல், சரியாக வயிற்றுப் பகுதியில், போய்ச் சேர்ந்தது.

"அது அவ இல்லை சார், மருந்து," என்றாள் வார்டு அக்கா, மிகுந்த மரியாதையுடன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை விம்மலாகி, விம்மல் தூக்கமாகி, தூக்கம் மறுபடி விழிப்பாகியது. இந்த முறை கண்கள் ஆளைப் பார்த்தன. வார்டுக் கட்டிலுக்கு மாற்றினார்கள். குழந்தை முதலில் பார்த்தது யானையைத்தான். அது காலியான வயிறோடு, தொளதொளவென்று நிதானத்தின் மடியில் கிடந்தது. அவள் புதுப் பஞ்சு வாங்கிவரச் சொல்லியிருந்தாள். கைப்பையிலிருந்து ஊசி நூல் வெளியே வந்திருந்தது. வால் அதைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

"என்ன பண்றீங்க?" என்று கரகரத்த குரலில் கேட்டது குழந்தை.

"வாயைத் தைக்கணும். இவனுக்கும் ஆபரேஷன்."

குழந்தை யோசித்தது. அதன் பார்வை வால் மேல் நின்றது. அவன் ஒரு மூலையில், யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில், அன்றைய மேல்வரிசை பிஸ்கட்டில் எறும்பு ஏறாத ஒன்றை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"அவனுக்குக் கொடுத்துடாதீங்க அங்கிள். ஆபரேஷன் முடியறவரைக்கும் அவன் பட்டினி."

"சரிங்க டாக்டர்," என்றான் வால், வாய் நிறைய.

"தண்ணி கொடுக்கலாம். கொஞ்சமா," என்று அனுமதித்தது குழந்தை.

இதைக் கேட்டுச் சிரிக்க அம்மா விழித்திருக்கவில்லை. நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பல மாதத் தூக்கத்தையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்கக் கேட்டது குறட்டை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டு அக்கா அவர்களை ஒரு முறை முறைத்தாள், திரும்பிக்கொண்டார்கள்.

நடுவில் குறட்டை ஒரு கணம் நின்றது.

குழந்தை மெல்லப் புரண்டு படுத்தது. பிளாஸ்திரி ஒட்டிய கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டியது. நீட்டி, அம்மாவின் மூக்குக்குக் கீழே ஒற்றை விரலை வைத்தது. கொஞ்ச நேரம் கவனமாகக் காத்திருந்தது.

"வருது," என்று எல்லோருக்கும் சொன்னது. விரலை எடுக்கவில்லை.